தென்னஞ்சோலையில் ஒரு வழக்கு

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் ஏறாவூர், செங்கலடி, கிரான் ஆகிய ஊர்களைக் கடந்து, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தூரம் சென்றால் கல்குடாவை அடையலாம். நாம் சென்றது ஆனி மாதம். மேற்கிலிருந்து வீசும் வெப்பக் காற்று வயல்வெளிகளைக் கடந்து வந்து முகத்தில் அறைந்தது. அதனை இப்பகுதி மக்கள் 'கச்சான்' என்பர். வறுத்த நிலக்கடலைக்கும் இங்கே அதே பெயர்தான். பஸ் வண்டி நின்ற இடத்தில் சிறுவன் ஒருவன் "கச்சான், கச்சான்!" என்று கூவிக்கொண்டு வந்தான். காற்றையும் கடலையையும் ஒரே சொல்லால் அழைக்கும் ஊரில் வந்து இறங்கினோம் என்று எண்ணிச் சிரித்தவாறே ஒரு சுருள் வாங்கிக்கொண்டு கடற்கரையை நோக்கி நடந்தோம்.

நிலத்துள் வளைந்து புகுந்த கடலைக் குடா என்பது வழக்கம். கல் நிறைந்த குடா கல்குடா. பாசி படர்ந்த குடா பாசிக்குடா. இவ்விரண்டும் அடுத்தடுத்து அமைந்த இரட்டைக் குடாக்கள். பாசிக்குடாவில் கடலுக்குள் வெகுதூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவைத் தாண்டாது. அலை என்று சொல்லத்தக்க அலையும் இல்லை. பெரிய தாம்பாளத்தில் நீர் வார்த்து வைத்தாற்போல் கடல் கிடக்கும். போர் ஓய்ந்த 2009 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இக்கரையில் உல்லாச விடுதிகள் வரிசையாக எழுந்துள்ளன. கல்குடாப் பக்கமோ இன்னமும் வள்ளங்களுக்கும் வலைகளுக்கும் தென்னைகளுக்கும் உரியதாக இருக்கின்றது.

அந்தத் தென்னைகளைப் பற்றிய ஒரு வழக்கைக் கேட்கும்படி நேர்ந்ததே இக்கட்டுரைக்குக் காரணம்.

சூறாவளி தின்ற தோப்பு

நண்பர் ஒருவரின் உறவினர் வீட்டில் நமக்குப் பகல் விருந்து. வீட்டுப் பெரியவர் எழுபதைக் கடந்தவர். நெடுங்காலம் கரைவலை இழுத்தவர். முற்றத்துத் தென்னையின் நிழலில் சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருந்தார். பழைய நாட்களைப் பற்றி நாம் கேட்கவும் அவர் 1978 ஆம் ஆண்டிலிருந்தே கதையைத் தொடங்கினார். இப்பகுதியில் காலத்தைக் கணக்கிடுவோர் சூறாவளிக்கு முன், சூறாவளிக்குப் பின் என்றே பிரிப்பர். அவ்வாண்டு நவம்பர் 23 ஆம் திகதி கீழ்க்கரையைத் தாக்கிய பெரும் புயல், மாவட்டத்தில் அன்றிருந்த தென்னையில் பெரும்பகுதியை அழித்துவிட்டது.

"ஒரு இரவுக்குள்ள எல்லாம் படுத்திட்டுது தம்பி. விடியப் பார்த்தா ஒரு மரம் நிமிர்ந்து நிக்கேல்லை," என்றார்.

நட்ட தென்னம்பிள்ளை காய்ப்பதற்கு ஆறேழு ஆண்டுகள் வேண்டும். அதுவரையில் தேங்காயைக் கடையில் வாங்கவேண்டியதாயிற்று. பின்னர் போர்க்காலம் வந்தது. இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தபோது நிவாரண உணவோடு எண்ணெய் கிடைத்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்து கரையோரத்தைத் துடைத்துச் சென்றது. மீண்டும் முகாம், மீண்டும் நிவாரண எண்ணெய். தேங்காயைத் திருவிப் பால் பிழிந்து சமைத்த வீட்டில், போத்தலிலிருந்து எண்ணெயை வார்த்துப் பொரிக்கும் பழக்கம் இப்படித்தான் குடியேறியது என்று பெரியவர் சொல்லி முடித்தார். இதனை அவர் ஒரு குற்றச்சாட்டாகக் கூறவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவே.

வாதியும் பிரதிவாதியும்

சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். சிவப்பரிசிச் சோறு, சூடை மீன் புளியாணம், முருங்கையிலைச் சுண்டல், வாழைக்காய்ப் பொரியல், எருமைத் தயிர் எல்லாம் இருந்தன. மட்டக்களப்பு விருந்தில் முதலில் எதிர்பார்க்கப்படும் பாலாணத்தை மட்டும் காணோம். பெரியவரின் மனைவி நம் பார்வையைக் கண்டுகொண்டார்.

"பாலாணம் வைக்கேல்லை மனே. இவருக்கு ரெண்டு மாதத்துக்கு முன்ன நெஞ்சுக்குள்ள நோவு வந்திட்டுது. டொக்டர் ஐயா தேங்காயைக் குறைக்கச் சொல்லிப்போட்டார். நான் ஒரேயடியா நிப்பாட்டிப்போட்டன்."

பெரியவர் சோற்றைப் பிசைந்தவாறே, "என்ர அப்பரும் தேங்காய் திண்டவர்; பாட்டனும் தேங்காய் திண்டவர். அவங்களுக்கு வராத வருத்தம் எனக்கு எப்பிடி வந்தது? தேங்காய் செய்த குற்றமா இது?" என்று முறையிட்டார்.

விடுதியொன்றின் சமையற்கூடத்தில் வேலை பார்க்கும் மகன் குறுக்கிட்டான். "அப்பா சொல்றதுதான் சரி. விடுதிக்கு வாற வெள்ளைக்காரர் பச்சைத் தேங்காயெண்ணெயைச் சின்னப் போத்தலில காசு குடுத்து வாங்கிக் காலையில கரண்டியால குடிக்கினம். அது மருந்தாம். நாங்கள்தான் நஞ்செண்டு பயப்படுறம்."

மருந்தா, நஞ்சா? ஒரே மரத்தின் காய்க்கு ஒரே வீட்டில் இரண்டு தீர்ப்புகள். பெரியவர் நம்மைப் பார்த்து, "நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க தம்பி," என்றார். நாம் வைத்தியர் அல்லோம். எனினும் இவ்விடயத்தில் ஆராய்ந்தோர் கூறியிருப்பவற்றை அறிந்த அளவில் எடுத்துரைத்தோம். அன்று அங்கே சொன்னதை நம் வாசகர்களுக்கும் சொல்வது பயனுடையதென்று கருதுகின்றோம்.

எண்ணெய்களின் இயல்பு

எந்த எண்ணெயானாலும் அதில் இரண்டு வகைக் கொழுப்புகள் கலந்திருக்கும். ஒன்று நிரம்பிய கொழுப்பு. குளிரில் உறைந்து நிற்பது. மற்றையது நிரம்பாத கொழுப்பு. எந்நேரமும் இளகி ஓடுவது. மார்கழி மாதத்துக் காலையில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் வெள்ளையாய் உறைந்திருப்பதையும், நல்லெண்ணெய் உறையாமல் இருப்பதையும் காணாத தாய்மார் இல்லை. அந்தக் காட்சியே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடுகின்றது. தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு நிரம்பிய கொழுப்பு. பாம் எண்ணெயில் ஏறத்தாழ பாதி. கச்சான் எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் நூற்றுக்கு 20 பங்கிற்கும் குறைவு. எஞ்சியது நிரம்பாத கொழுப்பு.

நிரம்பிய கொழுப்பு மிகுந்தால் இரத்தத்தில் தீய கொலஸ்ட்ரோல் ஏறுகின்றது. அது இதயத்துக்குச் செல்லும் குழாய்களின் உட்சுவரில் படிந்து வழியை ஒடுக்குகின்றது. தேங்காயெண்ணெய் இவ்விதிக்கு விலக்கு என்று விற்பனையாளர் கூறுவர். 2020 ஆம் ஆண்டில் 'சர்க்குலேஷன்' என்னும் இதயநோய் மருத்துவ இதழில் 16 சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த கட்டுரையொன்று வெளியாயிற்று. உறையாத தாவர எண்ணெய்களை உண்டோரைவிடத் தேங்காயெண்ணெய் உண்டோருக்குத் தீய கொலஸ்ட்ரோல் டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் கூடியிருந்தது. நல்ல கொலஸ்ட்ரோலும் சிறிது கூடியது உண்மையே; ஆயினும் அந்த ஆதாயம் இந்த நட்டத்தை ஈடுசெய்யும் என்பதற்குச் சான்று இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டல், நாளொன்றுக்கு உண்ணும் உணவின் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிரம்பிய கொழுப்பிலிருந்து வரக்கூடாது என்கின்றது. 2,000 கலோரி உண்பவருக்கு இது ஏறத்தாழ 22 கிராம். ஒரு மேசைக்கரண்டித் தேங்காயெண்ணெயில் மட்டும் ஏறத்தாழ 12 கிராம் இருக்கின்றது. இரண்டு கரண்டி வார்த்துவிட்டால் தயிருக்கும் முட்டைக்கும் இறைச்சிக்கும் இடமில்லாமற் போய்விடும். காலையில் கரண்டியாற் குடிக்கும் விருந்தினருக்கு நாம் சொல்லத்தக்கது இதுவே.

"அப்ப எங்கட அப்பரவை?" என்று பெரியவர் விடவில்லை. அது நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறப் பசிபிக் மாகடலுக்குச் செல்ல வேண்டியிருந்தது.

தொலைதூரத் தீவின் சான்று

சமோவாவுக்கு வடக்கே டோக்கிலாவு என்ற மூன்று சிறு பவளத்தீவுகள் உண்டு. அங்கே மண் வளம் குன்றியது. தென்னையும் மீனுமே வாழ்வு. நியூசிலாந்து வைத்தியரான இயன் பிரையரும் அவருடைய குழுவினரும் அம்மக்களைப் பல்லாண்டு ஆராய்ந்து 1981 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். டோக்கிலாவு மக்களின் உணவுச் சக்தியில் நூற்றுக்கு 63 பங்கு தென்னையிலிருந்தே வந்தது; புக்காபுக்கா என்னும் மற்றொரு தீவில் 34 பங்கு. தேங்காய் கூடுதலாக உண்ட டோக்கிலாவு மக்களின் கொலஸ்ட்ரோல் மற்றவர்களுடையதைவிட உயர்ந்திருந்தது. எனினும் இரு தீவுகளிலும் இதயக்குழாய் நோய் அரிதாகவே காணப்பட்டது.

இதைக் கேட்டதும் பெரியவரின் முகம் மலர்ந்தது. கதையின் மறுபாதியையும் சொல்லக் கடமைப்பட்டிருந்தோம்.

1966 ஆம் ஆண்டில் டோக்கிலாவிலும் ஒரு சூறாவளி வீசிற்று. அதன் பின்னர் பலர் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே அவர்கள் உண்ட தேங்காய் குறைந்தது. ஆனால் சீனியும் இறைச்சியும் கடைப் பண்டங்களும் கூடின; வள்ளம் வலித்த கைகள் ஓய்ந்தன. உடற்பருமனும் இரத்த அழுத்தமும் நீரிழிவும் தீவில் தங்கியவர்களைவிட அவர்களிடையே மிகுந்தன. ஆகவே தீவினரைக் காத்தது தேங்காய் மட்டுமன்று; அவர்களைக் கெடுத்தது தேங்காயை விட்டதுமன்று. மீனும் கிழங்கும் உடலுழைப்பும் சீனியற்ற உணவும் கூடிய வாழ்க்கை முழுவதுமே அரணாக நின்றது. அந்த அரண் இடிந்த பின்னர் தேங்காயை மட்டும் பழைய அளவில் பிடித்துக்கொண்டிருப்பதால் பயனில்லை.

பெரியவரின் தந்தையும் அவ்வாறே வாழ்ந்தவர். விடியுமுன் எழுந்து கரைவலை இழுத்தவர்; தேங்காயைப் பாலாகவும் பூவாகவும் கீரையோடும் மீனோடும் கலந்து உண்டவர். பொரியல் அவருக்குத் திருநாட் பண்டம். தேநீரில் சீனி அருமை. மேலும் அக்காலத்தில் மலேரியாவும் வேறு நோய்களும் பலரை இளமையிலேயே கொண்டுபோயின. இதயநோய் வரும் வயதை அடையாமலே மாண்டோர் பலர். முதியவராய் வாழ்ந்த ஒருவரை நாம் நினைவில் வைத்திருக்கின்றோம், மாண்டவர்களை மறந்துவிடுகின்றோம்.

"அது மெய்தான்," என்றார் பெரியவர் மெதுவாக. "என்ர அப்பரோட பிறந்தது ஏழு பேர். கிழவராப் போனது அவர் மட்டும்."

கச்சானும் கஜுவும் சூடையும்

தேங்காயின் வழக்கு இவ்வாறு நடந்துகொண்டிருக்க, சாட்சிக் கூண்டில் ஏறாத நல்ல சாட்சிகள் சில அந்த வீட்டிலேயே இருந்தன. ஒன்று, நம் கையிலிருந்த கச்சான் சுருள். மணற்பாங்கான இந்நிலத்தில் நன்கு விளையும் இக்கடலையில் நூற்றுக்கு 25 பங்கு புரதம். ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அதுவும் பெரும்பாலும் நிரம்பாத கொழுப்பு. இரண்டாவது, வேலியோரத்தில் நின்ற மரமுந்திரிகை. போர்த்துக்கேயர் பிரேசில் நாட்டிலிருந்து கீழைத்தேசங்களுக்குக் கொண்டுவந்த இந்த மரம், மணலில் வேரூன்றி இந்த மண்ணுக்கே உரியதுபோல் ஆகிவிட்டது. அதன் கொட்டை ஓட்டிலுள்ள பால் பட்டால் தோல் வெந்துவிடும். ஆதலால் சுட்டு உடைத்து எடுக்கும் பெண்களின் உழைப்பு எளிதன்று. உள்ளிருக்கும் கஜுப் பருப்போ இனியது. அதன் கொழுப்பில் பெரும்பகுதி இதயத்துக்குத் தீங்கற்றது.

ஸ்பெயின் நாட்டில் ஏறத்தாழ 7,400 பேரை வைத்து நடத்திய பெரும் ஆய்வொன்றின் முடிவு 2013 இல் வெளியாகி, திருத்தங்களுடன் 2018 இல் மீண்டும் வெளியிடப்பட்டது. காய்கறியும் மீனும் பயறும் நிறைந்த உணவோடு ஒலிவ் எண்ணெயோ, நாளொன்றுக்கு 30 கிராம் கொட்டைப் பருப்புகளோ சேர்த்து உண்டவர்களுக்கு, கொழுப்பைக் குறைக்குமாறு மட்டும் சொல்லப்பட்டவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம் முதலியன நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கு குறைந்திருந்தன. அங்கே கொடுத்தவை அக்ரோட்டும் பாதாமும் ஹேசல் கொட்டையும். அவை நம் முற்றத்தில் விளைவதில்லை. விலையும் நமக்கு எட்டாது. கச்சான் அதே வகையான கொழுப்பை உடையது. விலையோ ஏழைக்கும் எட்டுவது. 30 கிராம் என்பது ஒரு சிறு கைப்பிடி. உப்பும் சீனியும் சேராத கைப்பிடி என்பதை மறத்தலாகாது. கடலை உண்டால் உடல் தடித்து மூச்சு முட்டும் ஒவ்வாமை உடையோர் அதைத் தொடவே கூடாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மாண்டன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணமே காரணமென்று பின்னர் கண்டறிந்தனர். அந்த நஞ்சுக்கு அஃப்லாடொக்சின் என்று பெயர். ஈரலைக் கெடுப்பது, புற்றுநோய் தருவது. 2021 மார்ச்சில் நம் நாட்டுக்கு இறக்குமதியான தேங்காயெண்ணெயிலும் இது காணப்பட்டு நாடெங்கும் பரபரப்பாயிற்று. ஆகவே பூஞ்சணம் பூத்த கச்சானையும், சுருங்கி நிறம் மாறிக் கசப்பதையும், நன்கு உலராத கொப்பறாவையும் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். வறுத்தாலும் அந்நஞ்சு முற்றாக அழிவதில்லை.

மூன்றாவது சாட்சி நம் இலையிலேயே இருந்தது. சூடை, சாளை, கீரி முதலிய சிறு மீன்களின் கொழுப்பில் ஒமேகா-3 என்னும் சிறப்பான பகுதி உண்டு. அது இதயத்துக்கு நன்மை செய்வது. விடுதிக்காரர் விலைகொடுத்துக் கொண்டுபோகும் பெரிய மீனைக் கண்டு வீட்டார் ஏங்கவேண்டியதில்லை. கூடையின் அடியில் மலிவாய்க் கிடக்கும் மீனே இவ்வகையில் மேலானது. புளியாணமாய்க் காய்ச்சினால் அதன் நன்மை முழுவதும் கிடைக்கும். எண்ணெயில் மூழ்கப் பொரித்தால் எண்ணெயின் குணமே மேலோங்கிவிடும்.

மெய்யான குற்றவாளி

மருமகள் இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப விடக்கூடாதது எது, விடவேண்டியது எது எண்டு சொல்லுங்க," என்று நேராகவே கேட்டார். அடுப்பை ஆள்பவர் அவர். அவருக்கு வேண்டியது சொற்பொழிவன்று.

முதலில் விடவேண்டியது, தாவர எண்ணெயில் ஐதரசன் வாயுவைச் செலுத்தி உறையச் செய்த செயற்கைக் கொழுப்பு. பழைய வகை மாஜரினிலும், பேக்கரிப் பண்டங்கள் பலவற்றிலும் இது இருந்தது. இதிலுள்ள ட்ரான்ஸ் கொழுப்பு தீய கொலஸ்ட்ரோலைக் கூட்டி நல்லதைக் குறைக்கும். எல்லாக் கொழுப்புகளிலும் கொடியது இதுவே. உலக சுகாதார நிறுவனம் 2018 இல் இதனை உணவிலிருந்தே ஒழிக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இந்தியா 2022 ஜனவரி முதல் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருத்தலாகாதென்று விதித்தது. பொதியில் 'ஐதரசனேற்றிய' என்ற சொல் இருந்தால் திருப்பி வைத்துவிடலாம்.

இரண்டாவது, வடையும் ரோல்சும் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெய். மீண்டும் மீண்டும் காய்ந்த எண்ணெய் சிதைந்து தீங்கான பொருள்களாக மாறுகின்றது. வீட்டிலும் பொரித்த எண்ணெயைச் சட்டியில் மூடிவைத்து நாட்கணக்காகப் பாவிக்கும் வழக்கம் உண்டு. சிக்கனம் நல்லதே, குறைவாக வார்த்து ஒருமுறையோடு முடிப்பதே அதைவிட நல்ல சிக்கனம்.

மூன்றாவது, அளவின்மை. நல்லெண்ணெய் எளிதில் சிக்குப் பிடிக்காது, தாளிக்கவும் வதக்கவும் ஏற்றது, நன்மையும் உடையது. ஆயினும் எல்லா எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரியே தருகின்றது. நல்லதென்று கேட்டு இரட்டிப்பாய் வார்த்தால் நன்மை இரட்டிப்பாகாது, உடல்தான் பெருக்கும்.

தீர்ப்பு

இனித் தேங்காய். திருவிய தேங்காயைப் பூவாகவே சுண்டலில் தூவினால் அதன் நாரும் உடன் வரும்; சிறிதளவே போதும். பிழிந்து எடுத்தால் நார் சக்கையோடு கோழிக்குப் போய்விடும். கொழுப்பு பாலோடு சட்டிக்கு வரும். முதற்பாலில் கொழுப்பு மிகுதி. இரண்டாம் பாலில் குறைவு. நோயில்லாதவர்கள் நாளில் ஒரு கறிக்கு மட்டும் பால் விட்டு, மற்றவற்றைப் புளியாணமாகவும் சுண்டலாகவும் செய்தல் நன்று. எருமைத் தயிரின் கொழுப்பும் நிரம்பியதே. பாலாணம் உள்ள நாளில் தயிரைக் குறைக்கலாம்.

நெஞ்சுநோய் கண்ட பெரியவருக்கு அளவைச் சொல்லவேண்டியவர் அவருடைய வைத்தியரே. ஆயினும் வைத்தியர் 'குறைக்க' என்றதை வீட்டார் 'ஒழிக்க' என்று மாற்றிக்கொண்டிருந்தனர். சுவையிழந்த சோற்றை வெறுத்துப் பெரியவர் சந்தித் தேநீர்க் கடையில் கள்ளமாக வடை தின்று வந்த செய்தியை மகன் அப்போதுதான் வெளியிட்டான். தேங்காய்க்குப் பயந்து கறுத்த எண்ணெயிடம் அடைக்கலம் புகுந்த கதை! பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி கோபிக்கவில்லை, கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த கிளினிக்குக்கு நானும் வாறன்," என்றார் அவர். "எவ்வளவு விடலாமெண்டு நானே கேக்கிறன். இரண்டாம் பால் ஒரு அகப்பை விடலாமெண்டா, கிழமைக்கு ரெண்டு நாள் பாலாணம் வைப்பன். நீங்க அந்தக் கடைப்பக்கம் போகப்படாது."

"போகேல்லை," என்றார் பெரியவர், பள்ளிப் பிள்ளையைப்போல.

இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட தேங்காய்களை உண்கின்றார் என்பது கணக்கு. நம் நாட்டு வைத்தியசாலைகளில் இன்று மிகுதியான உயிர்களைக் கொள்வது இதயநோய் என்பதும் கணக்கே. இவ்விரண்டு கணக்குகளுக்கும் நடுவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாய் அகப்பையுடன் நிற்கின்றார். அவருக்கு அச்சமூட்டுவதோ, அதிசய மருந்தென்று ஆசைகாட்டுவதோ உதவி ஆகாது. எவ்வளவு, எப்படி என்று சொல்லிக் கொடுப்பதே உதவி.

பொழுது சாயுமுன் விடைபெற்றோம். பெரியவர் வாசல்வரை வந்தார், மனைவி சுட்ட கஜு ஒரு சிறு பொதியை நம் கையில் வைத்து, "ஒரேயடியாத் திண்டுபோடாதீங்க மனே. நீங்கதானே கைப்பிடிக் கணக்குச் சொன்னீங்க," என்று சிரித்தார். தெருவில் கச்சான் காற்று இன்னமும் தணியவில்லை. சூறாவளிக்குப் பின் நட்ட தென்னைகள் அதில் ஓலை சலசலக்க நின்றன.